காலஞ்சென்ற என்ற சொல் எதுவரை போகும்?

மூன்று வருடங்களுக்கு முன்னர், உயிரோடு இருந்த ஓர் அம்மாவை நான் கொன்றேன். ஆயுதம் ஒரு சிவப்புப் பேனா.

யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் ஒப்புநோக்காளராக இருக்கிறேன். புரூப் பார்க்கிற வேலை என்றால்தான் ஊரில் விளங்கும். எங்கள் பத்திரிகையைக் கையில் எடுப்பவர்களில் பாதிப்பேர் முதலில் புரட்டுவது மரண அறிவித்தல் பக்கத்தை. அந்த வசனத்தின் நடை எல்லோருக்கும் மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் மைத்துனியும் என்று பெறாமக்கள், பேரப்பிள்ளைகள் வரை ஓடிப்போய், நாற்பது பெயர் தாண்டி, ஓர் ‘ஆவார்’ வந்துதான் மூச்சு விடும். அன்று வந்த பிரதியில் ‘காலஞ்சென்ற’ என்று தொடங்கி, தகப்பனின் பெயர், ஒரு காற்புள்ளி, தாயின் பெயர், அதன் பிறகு ‘தம்பதிகளின்’ என்று இருந்தது. இரண்டு பேருக்கு முன்னால் ஒருமை நிற்கிறதே என்று இலக்கணம் பார்த்தேன். ‘காலஞ்சென்றவர்களான’ என்று திருத்தினேன்.

அடுத்த நாள் காலை ஒன்பதரை மணிக்கு அந்த வீட்டு மூத்த மகன் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்றார். தகப்பன் மட்டும்தான் காலமானவர். தாய் இருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தானே வாசித்திருக்கிறார்.

திருத்தம் போட்டோம், மன்னிப்புக் கேட்டோம். ஒரு சொல்லின் ஆட்சி எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்காமல் வாசித்ததால் வந்த வினை அது. அதே வினை இரண்டாம் முறையும் என்னைப் பிடித்தது. இம்முறை ஆங்கிலத்தில், புள்ளிக் கணக்கோடு.

கணவர் கனடாவில். ஸ்பொன்சர் அலுவல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே போய்ச் சட்டம் படிக்க வேண்டும் என்பது என்னுடைய பிடிவாதம். ஒன்ராறியோவின் சட்ட பீடங்களுக்கு விண்ணப்பிக்க எல்சாற் (LSAT) என்ற நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அமெரிக்காவில் 1948 முதல் நடக்கும் பரீட்சை அது; புள்ளி 120இல் தொடங்கி 180இல் முடியும். முந்தி அதில் ஆட்களை வரிசையில் இருத்துவது, பஸ்ஸில் ஏற்றுவது போன்ற புதிர்ப் பகுதி ஒன்று இருந்தது. 2024 ஆகஸ்ட்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது புள்ளி சேர்வது இரண்டு தர்க்கப் பகுதிகளுக்கும், ஓர் உரையை வாசித்து விளங்கி விடை சொல்கிற கிரகித்தல் பகுதி ஒன்றுக்கும். நான்காவதாக ஒரு பரீட்சார்த்தப் பகுதியும் வரும். அதற்குப் புள்ளி இல்லை, ஆனால் எது அந்தப் பகுதி என்று சொல்லமாட்டார்கள். ஒவ்வொன்றும் 35 நிமிடம். மொத்தப் புள்ளியில் கிரகித்தல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதைக் கேள்விப்பட்டபோது மகிழ்ந்தேன். வாசிப்பதுதானே என் தொழில்!

முதல் மாதிரி வினாத்தாளில் கிரகித்தலில் 27 வினாக்கள். நான் சரியாகச் செய்தவை 13.

ஆங்கிலம் போதாது என்றுதான் முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் எந்தத் தோல்விக்கும் முதலில் பழி ஏற்பது ஆங்கிலம்தான். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, தெரியாத சொற்களை எல்லாம் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதினேன். மூன்று மாதத்தில் அறுநூறு சொற்களுக்கு மேல். டொலரில் பணம் கட்டி ஓர் இணைய வகுப்பிலும் சேர்ந்தேன். முக்கியமான சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள், மூன்று நிமிடத்தில் ஓட்டமாக வாசியுங்கள் என்றார்கள். எது முக்கியம் என்று தெரிந்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன் என்று கேட்க நினைத்தேன். இரவு பதினொரு மணிக்கு அதற்குத் தெம்பு இருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு வினாத்தாள் செய்தேன். பதினான்கு.

அதன் பிறகுதான் புத்தி வந்து, பிழைத்த பதின்மூன்று வினாக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்தேன். சரியான விடை ஏன் சரி என்பதை விளக்கப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. நான் எழுதியது வேறு: பிழையான விடையில் எனக்கு என்ன பிடித்திருந்தது? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. தெரியாத சொல்லால் பிழைத்தது ஒன்று. ஒரே ஒன்று. அறுநூறு சொல் கொப்பியைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எட்டு வினாக்களுக்கு நான் எழுதியிருந்த வரி ஏறக்குறைய ஒன்றுதான்: “இதை உரைப்பகுதியில் வாசித்தேன்.” ஆம், வாசித்திருந்தேன். ஆனால் அது கட்டுரையாளரின் கருத்து அல்ல. அவர் எடுத்துச் சொல்லி, பின்னால் மறுத்த வேறு யாருடையதோ கருத்து.

ஏன் எனக்கு இது நடக்கிறது? இரண்டு காரணம் கண்டுபிடித்தேன்.

ஒன்று தொழில். புரூப் பார்ப்பவர் பொருளுக்குள் போகக் கூடாது. போனால் எழுத்து தப்பிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கற்றுத் தந்ததே அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒரு வரிக்கு மேல் கண்ணுக்குக் காட்டாமல் வாசிக்கத்தான். ஒவ்வொரு வரியும் ஒரு தீவு. முந்தைய வரியில் யார் பேசினார் என்பது எனக்கு வேண்டாத விடயம். ஏழு வருடம் இப்படி வாசித்தவளிடம் வந்து, மூன்றாம் பந்தியில் கட்டுரையாளரின் மனநிலை என்ன என்று கேட்டால் என்ன சொல்வாள்?

மற்றது தமிழ். தமிழில் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொன்னால் வசனத்தின் வாலில் ஒரு காவலாளி நிற்பார்: என்பர், என்கிறார்கள், என்பது அவர்கள் வாதம், ஆம். அவரைக் கண்டவுடன், சரி, இது மற்றவருடைய பேச்சு, இங்கே முடிகிறது என்று மனம் கதவைச் சாத்திவிடும். அடுத்த வசனமும் அவர்களுடையது என்றால் அதன் வாலிலும் ஒருவரை நிறுத்துவோம். ஆங்கிலத்தில் விமர்சகர்கள் சிலர் சொல்வதாவது என்று தலையில் ஒரு முறை சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு நான்கு வசனம் வெறுங்கையோடு வரும். நான்கும் விமர்சகர்களுடையவைதான், வாலில் யாரும் இல்லை. நான் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் காவலாளியைத் தேடி, காணாமல், இது கட்டுரையாளருடையது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘காலஞ்சென்ற’ மாதிரிதான். தலையில் நிற்கிற ஒரு சொல், அது எதுவரை போகும்?

வைத்தியம் எளிதாக இருந்தது. ஆங்கில வசனங்களின் வாலில் மனத்துக்குள் நானே ‘என்பர்’ போட்டு வாசிக்கத் தொடங்கினேன். ‘ஆனால்’, ‘இருந்தபோதிலும்’, ‘இதில் ஒரு சிக்கல்’ என்ற பொருளில் ஒரு சொல் வருகிற வரைக்கும் என்பர், என்பர், என்பர். அந்தச் சொல் வந்ததும் நிறுத்திவிடுவேன். முதல் வாரம் பைத்தியக்காரி போல முணுமுணுத்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நல்லூரில் தனியாக, புத்தகங்களோடு இருக்கிறார். ஆங்கிலப் பரீட்சைக்கு அவரிடம் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் எழுந்துபோய், மட்டை போன ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். நன்னூல், ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு. பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. மதம் என்றால் இங்கே கொள்கை. ஏ.எல் படித்தபோது பரீட்சைக்காகப் பாடமாக்கி, பரீட்சையோடு மறந்த சூத்திரம். ஒரு நூலாசிரியர் மற்றவர் கருத்தோடு என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் அது. உடன்படலாம். மறுக்கலாம். பிறர்தம் மதம் மேற்கொண்டு களையலாம், அதாவது முதலில் ஏற்றுக்கொண்டது போல எடுத்துச் சொல்லிவிட்டுப் பின்னால் தள்ளலாம். தானே ஒன்றை நாட்டித் தானே நிறுவலாம். இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் மதம் கொள்ளலாம்.

“பிள்ளை, நீ எட்டு வினா பிழைத்தது இந்த மூன்றாவதில்தானே?” என்றார்.

அதேதான். பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு. அமெரிக்கப் பரீட்சையை அமைக்கிறவர்களுக்கு நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆனால் அவர்களுடைய நான்கு உரைப்பகுதிகளில் குறைந்தது இரண்டு இந்த ஒரே வித்தையைத்தான் காட்டுகின்றன. முதல் பந்தியில் ஒரு கருத்தை மாலை போட்டு அழைத்துவருவார்கள். இரண்டாம் பந்தியில் அதன் காலை வாருவார்கள். அந்தப் பகுதியில் சோடியாக வரும் இரண்டு குறும் உரைகள் இருக்கின்றனவே, 2007இல் சேர்த்த ஒப்பீட்டு வாசிப்பு, அதற்கு ‘இருவர் மாறுகோள்’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு, இருவரும் எதில் மாறுபடுகிறார்கள், எதைப் பற்றி இருவருமே பேசுகிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். நன்னூலில் ஒரு குறை உண்டு. மதில்மேல் பூனைக்கு அதில் இடம் இல்லை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இன்னும் ஆராய வேண்டும் என்று முடிக்கிற கட்டுரையாளர்தான் இந்தப் பரீட்சைக்கு மிகப் பிடித்த பிறவி. பெரியப்பாவுக்கு அந்தப் பிறவியைப் பிடிக்காது. “துணியாதவன் எதற்கு நூல் எழுதுகிறான்?” என்பார்.

அவரையே ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். வினாத்தாளைத் தமிழாக்கித் தருவது சரியில்லை என்று, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை வைத்து நானே ஓர் உரைப்பகுதி எழுதினேன். ஆண்டும், உள்ளூர்த் தலைவர்களான முதலிமாரின் கணக்கும் வரலாறு. வாதம் எல்லாம் என்னுடைய சமையல்.

“தேசவழமைத் தொகுப்பை யாழ்ப்பாணத்து வழக்கங்களின் கண்ணாடி என்றே பலர் கருதிவந்துள்ளனர். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்ததை 12 முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்டமையே அதற்குப் பெருஞ்சான்று. வேறு சிலரோ, எழுதப்பட்ட கணத்திலேயே வழக்கம் உறைந்துவிட்டது, எனவே தொகுப்பில் இருப்பது வழக்கமே அல்ல என்பர். முதலிமாரின் ஒப்புதல் அவர்களைப் போன்றோரின் ஒப்புதலே அன்றி எல்லோருடையதும் அல்ல என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்தால் வழக்கம் வழக்கமாக இல்லாது போகுமெனில், நீதிமன்றப் படி ஏறிய எந்த வழக்கமும் எஞ்சாது.”

வினா: முதலிமாரின் ஒப்புதல் பற்றிக் கட்டுரையாளர் எதை ஏற்பார்? ஐந்து விடைகள் கொடுத்தேன். அந்த ஒப்புதலே வழக்கத்தை உறையவைத்தது. அது யாழ்ப்பாணத்தார் அனைவரதும் ஒப்புதல் ஆகாது. அது ஒல்லாந்தருக்கு அஞ்சிக் கொடுக்கப்பட்டது. அதற்குச் சான்று என்ற பெறுமதி அறவே இல்லை. தொகுப்பு வழக்கத்தின் கண்ணாடி என்பதை அது ஐயமற நிறுவுகிறது.

பெரியப்பா ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. மூன்றாவதுக்குப் புள்ளடி போட்டார்.

“பெரியப்பா, அது பந்தியில் எங்கே இருக்கிறது?”

“பந்தியில் ஏன் இருக்க வேண்டும்? ஒல்லாந்தன் நீட்டிய காகிதத்தை அந்தக் காலத்தில் யார் மறுத்திருப்பான்?”

“உண்மையாக இருக்கலாம். கட்டுரையாளர் சொல்லவில்லையே.”

“சொல்லாதது அவருடைய குறை.”

சரியான விடை இரண்டாவது. நான்காம் வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்கிறது, சப்பென்று இருக்கிறது, அதனால்தான் கண் அதில் நிற்காது. முதலாவது இரண்டு தரப்பையும் குழப்பி எடுத்தது. நான்காவதில் ‘அறவே’ என்ற சொல்லே காட்டிக்கொடுக்கிறது. கட்டுரையாளர் அவ்வளவு தூரம் போகவில்லை. ஐந்தாவது பலர் சொல்வது. மூன்றாவதுதான் பொல்லாதது, ஏனென்றால் அது யாழ்ப்பாணத்தில் வாழ்கிற, வரலாறு தெரிந்த மனிதருக்காகவே செய்துவைத்த பொறி. அதிலும் பெரியப்பா பங்காளிக்குத் தெரியாமல் விற்கப்பட்ட ஒரு காணிக்காகத் தேசவழமையைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியவர். முதலிமாரைப் பற்றி அவருக்குச் சொந்தக் கருத்து இல்லாமல் இருக்குமா?

என் பிழைக் கொப்பியையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. உரைப்பகுதிகள் வழக்கமாகச் சட்டம், கலை இலக்கியம், சமூகவியல், இயற்கை விஞ்ஞானம் என்று நான்கு துறைகளிலிருந்து வரும். நான் பயந்தது விஞ்ஞானத்துக்கு. ஆனால் கூடிய புள்ளி எடுத்ததும் விஞ்ஞானத்தில்தான். பாறைத் தட்டுகள் எப்படி நகர்கின்றன என்பதில் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. எழுதியிருப்பதை வாசித்தேன், விடை போட்டேன். சிறுபான்மையினரின் இலக்கியம், பழங்குடிகளின் காணி உரிமை என்று வந்தால் இரண்டாம் வரியிலேயே நான் வாதிடத் தொடங்கிவிடுவேன். அப்படியான உரைப்பகுதி வந்தால் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு வாசிப்பது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஏன் அது வேலை செய்தது என்று விளக்க முடியாது. செய்தது.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்பது அதைத்தான். 35 நிமிடத்தை நான்கால் பிரித்தால் ஓர் உரைப்பகுதிக்கு 8 நிமிடம் 45 விநாடி. மூன்று நிமிடத்தில் ஓட்டமாக வாசித்த காலத்தில் ஒவ்வொரு வினாவுக்கும் திரும்பத் திரும்ப மேலே போய்த் தேடி, கடைசி உரைப்பகுதியைத் தொடவே முடியாமல் இருந்தேன். நாலரை நிமிடம் கொடுத்து, பந்திக்கு ஒரு சொல் தமிழில் தாளில் எழுதி (‘பிறர்’, ‘களைவு’, ‘தன்’, ‘பூனை’) வாசிக்கத் தொடங்கியபின் ஏழு வினாக்களும் மிச்ச நேரத்துக்குள் அடங்கின. நிதானமாக வாசித்ததால் நேரம் மிஞ்சியது என்பதை நானே நம்ப இரண்டு வாரம் ஆனது. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடக் கூடாது. பயிற்சிக்குப் புத்தகக் கட்டு வாங்கத் தேவையில்லை. பரீட்சை நடத்தும் சபையே சில கடந்தகால வினாத்தாள்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு வினாத்தாளைச் செய்ய ஒரு நாள், அதன் பிழைகளோடு இருக்க நான்கு நாள். வாரத்துக்கு மூன்று வினாத்தாள் செய்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஒரே பிழையை வாரத்துக்கு மூன்று முறை செய்கிறார்கள்.

பரீட்சையை வீட்டிலிருந்தே கணினியில் எழுதினேன். திருவிழாக் காலம், நல்லூர்ப் பக்கம் ஒலிபெருக்கி ஓயாது என்று கோண்டாவிலில் உள்ள மச்சாள் வீட்டு உள்ளறையைப் பிடித்தேன். கமராவில் அறை முழுவதையும் சுற்றிக் காட்ட வேண்டும் என்பதால் சுவரில் இருந்த நாட்காட்டியை முதல் நாளே கழற்றிவிட்டோம். அந்த இடத்தில் சுவர் வெள்ளையாக ஒரு சதுரம். இரண்டாம் பகுதிக்குப் பிறகு பத்து நிமிட இடைவேளை. மச்சாள் தேநீரோடு கதவுக்கு வெளியே நின்றார். மூன்றாவதாகக் கிரகித்தல் வந்தது. முதல் உரைப்பகுதியின் முதல் வசனமே அறிஞர்கள் பலர் நீண்டகாலமாகக் கருதிவந்துள்ளனர் என்று தொடங்கியது. சிரித்துவிட்டேன், கமராவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்ன நினைத்தாரோ.

மொத்தப் புள்ளி 159. கடைசியாகச் செய்த ஐந்து மாதிரி வினாத்தாள்களில் கிரகித்தல் 21க்கும் 23க்கும் இடையில் நின்றது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இது போதாது என்று தெரியும். இன்னொரு முறை எழுதுவதா என்று நானும் கணவரும் தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நான் எழுதிய தேசவழமைத் தாள் நன்னூலுக்குள் அடையாளமாகச் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் அவருடைய விடைக்கு மேல் போட்ட பிழை அடையாளத்தை வெட்டிவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘வினா பிழை.’